மூளி அலங்காரியின் பட்ஜெட்

யாவாரம் படுத்துவிட்டால் சர்க்கார் வரியைக் குறைக்கணுமா, கஜானாவைத் திறந்து செலவு பண்ணணுமா என்று டெல்லியிலும் வாஷிங்டனிலும் இன்னமும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். வத்திராயிருப்புக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு மூப்பு உண்டு. சிக்கன நடவடிக்கை என்ற ஒன்றை உலகத்துக்கே அறிமுகப்படுத்திய நிதி மந்திரி, எங்களுக்குப் பக்கத்து அர்ச்சுனாபுரத்துக்காரி. பெயர் மூளி அலங்காரி. நல்லதங்காளின் அண்ணி.

நல்லதங்காள் கதை தெரியாமல் தென்மாவட்டத்தில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. இருந்தாலும் வெளியூர்க்காரர்களுக்காகச் சுருக்கமாக. மானாமதுரையில் வாழ்க்கைப்பட்டவள். பன்னிரண்டு வருஷம் மழை இல்லை. தாலியைத் தவிர எல்லாவற்றையும் விற்றுத் தின்றாயிற்று. ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடக்கிறாள். அண்ணன் நல்லதம்பி வேட்டைக்குப் போன இடத்தில் எதிர்ப்படுகிறான். தங்கச்சியைப் பார்த்ததும் உருகுகிறான். ‘நீ முன்னால் வீட்டுக்குப் போம்மா, அண்ணி பார்த்துக்கொள்வாள்’ என்று அனுப்பிவைக்கிறான். கொள்கை அறிவிப்பு என்று பார்த்தால் அருமையான அறிவிப்பு. அதை அமல்படுத்துகிற இலாகாதான் அண்ணியிடம் இருந்தது.

அண்ணி முதலில் கதவைச் சாத்தினாள். கதவு எப்படியோ திறந்துகொண்டதும் நிவாரணம் வழங்கினாள். அதை வழங்கிய விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். கேழ்வரகு கொடுத்தாள், மக்கிப்போனது. பானை கொடுத்தாள், பொத்தல். விறகு கொடுத்தாள், பச்சை. பிரதிக்குப் பிரதி சாமான்கள் கொஞ்சம் மாறும், சூத்திரம் மாறாது. நாளைக்குத் தணிக்கைக்கு ஓர் அதிகாரி வந்தால் தானியம், பாத்திரம், எரிபொருள் என்று மூன்று பத்தியிலும் டிக் அடித்துவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போகலாம். கஞ்சி மட்டும் வெந்திருக்காது. மிச்சக் கதையை அர்ச்சுனாபுரத்துக் கிணறு சொல்லும். நல்லதங்காளுக்குக் கோயிலும் அங்கேதான். மூளிக்குக் கோயில் இல்லை. அவளுடைய கொள்கைக்குத்தான் பிற்காலத்தில் பெரிய பெரிய கட்டடங்கள் கட்டினார்கள்.

இது கதைப்பாட்டு, சரித்திரம் இல்லை என்பார்கள். சரி, கையெழுத்தும் முத்திரையும் உள்ள சரித்திரத்துக்கே போவோம். 1876, தாது வருஷம். மழை பொய்த்தது. அடுத்த வருஷம் ஈஸ்வர. பெயரில்தான் சாமி இருந்தது. அந்த வருஷத் தென்மேற்குப் பருவமழையும் கையை விரித்தது. அப்போது நம் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. ராமநாதபுரம் ஜில்லா பிறந்தது 1910-ல்தான். சென்னை மாகாணத்தில் பஞ்சம் கடுமையாக அடித்தது பல்லாரி, கடப்பை, கர்நூல், சேலம், மதுரைப் பக்கங்களில். தாமிரபரணி ஓடுகிற ஊர்கள் ஓரளவு தப்பின. அந்த ஆறு எங்கள் தாலுகாவின் வாசல் பக்கமே வந்ததில்லை. எங்களுக்குக் கண்மாய் உண்டு, கண்மாய்க்கு மழை வேணும்.

இந்த நாடகத்தில் மூன்று துரைகள்.

முதல் ஆள் பக்கிங்ஹாம் கோமகன், சென்னை கவர்னர். இவருடைய அப்பா இங்கிலாந்திலேயே பேர்போன கடன்காரர். பத்து லட்சம் பவுனுக்கு மேல் கடன். 1848-ல் ஸ்டோ மாளிகைச் சாமான்களை ஏலம் போட்டார்கள், ஏலம் மட்டுமே நாற்பது நாள் நடந்தது. பிள்ளை ரயில்வே கம்பெனிக்குச் சேர்மனாக வேலை பார்த்து, குடும்ப மானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டார். கடன் என்றால் என்னவென்று ஜப்தி வாசனை வரைக்கும் தெரிந்த மனுஷன். ஆச்சரியம், இவர்தான் ‘செலவு பண்ணு’ கட்சி.

இரண்டாவது ஆள் சர் ரிச்சர்ட் டெம்பிள். 1874 பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசியை இறக்கி, சர்க்கார் கணக்குப்படி பட்டினிச் சாவை 23-ல் நிறுத்தியவர். அதற்குக் கிடைத்த மரியாதை, ஊதாரி என்ற பட்டம். வாங்கிய அரிசியில் மிச்சம் விழுந்துவிட்டதாம். லண்டன் பத்திரிகைகள் கிழித்துத் தோரணம் கட்டின. சனம் பிழைத்ததைவிட அரிசி மிஞ்சியதுதான் அங்கே பெரிய செய்தி. டெம்பிள் புத்திசாலி. எந்த வேலைக்கு மாலை விழும், எந்த வேலைக்குச் செருப்பு விழும் என்று ஒரே பஞ்சத்தில் பாடம் படித்துக்கொண்டார். அடுத்த பஞ்சத்துக்குள் ‘கையைக் கட்டு’ கட்சிக்குத் தாவியிருந்தார்.

மூன்றாவது ஆள் வைசிராய் லிட்டன் பிரபு. கவிஞர். ஓவன் மெரிடித் என்ற புனைபெயரில் எழுதினவர். கவிஞரை நாடாள விட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் 1876 முதல் 1880 வரை புரட்டலாம். கவிஞர் சங்கம் கோபித்துக்கொள்ளக் கூடாது, இவர் கவிதையும் அப்படி ஒன்றும் நிற்கவில்லை.

பக்கிங்ஹாம் முதலில் ஒரு காரியம் செய்தார். அர்பத்நாட் கம்பெனி மூலமாகச் சத்தமில்லாமல் 30,000 டன் தானியம் வாங்கிப் போட்டார். (இதே அர்பத்நாட்தான் 1906-ல் திவாலாகி, சென்னைப் பெரிய மனிதர்களின் சேமிப்பை முழுங்கி ஏப்பம் விட்டது. அது இன்னொரு நாள் கச்சேரி.) சங்கதி தெரிந்ததும் கல்கத்தாவில் லிட்டனுக்கு ஆத்திரம். சர்க்கார் சந்தையில் கை வைத்தால் யாவாரம் கெட்டுப்போகும் என்பது அவர்கள் வேதம். அந்தக் காலத்துக் காகிதங்களை இங்கிலீஷில் படித்தால் மரியாதை மூச்சுமுட்டும். அதையே வத்திராயிருப்பு பஜார் பெஞ்சில் உட்கார வைத்தால் இப்படித்தான் இருந்திருக்கும். பேச்சு என் சரக்கு, சங்கதி அவர்களுடையது.

“என்ன அண்ணாச்சி, முப்பதாயிரம் டன் வாங்கிட்டீகளாமே? யாரைக் கேட்டு வாங்குனீக?”

“சனம் சாகுது மாப்ளே.”

“அதுக்கு? சர்க்காரே தானியம் வாங்குதுன்னு தெரிஞ்சா யாவாரி மனசு நொந்துர மாட்டானா?”

“அவன் மூட்டையை அடுக்கி வச்சுக்கிட்டு, வெலை ஏறட்டும்னு சாவகாசமா வெத்தலை போட்டுக்கிட்டு இருக்கான்.”

“அதுக்குப் பேருதான் சந்தை அண்ணாச்சி. வெலை ஏறுச்சுன்னா நாலு ஊருல இருந்தும் தானியம் தன்னால வரும்.”

“வந்துருச்சு. மெட்ராஸ் கடற்கரையில மலையாட்டம் குமிஞ்சு கெடக்கு. வாங்குறதுக்குச் சனத்துட்ட காசு?”

“அது என் டிபார்ட்மென்ட் இல்ல.”

மொத்த விவாதமும் இதுதான். தானியம் இல்லாததைவிடக் கூலி இல்லாததுதான் ஆளைக் கொன்றது. விதைப்பு இல்லை என்றால் களை எடுப்பு இல்லை, அறுப்பு இல்லை. சம்சாரி கையில் காசு இல்லை என்றால் துணி எடுக்க ஆள் இல்லை, நெசவாளி வீட்டில் அடுப்பு எரியாது. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு அப்போதுதான் புதுசாக ரயில் வந்திருந்தது. ரயில் வந்தால் பஞ்சம் ஓடிப்போகும் என்று சொல்லித்தான் தண்டவாளமே போட்டார்கள். தண்டவாளத்துக்கு வந்த வழியும் தெரியும், போகிற வழியும் தெரியும். எந்த ஊரில் விலை கூடுதலோ அந்தப் பக்கம் தானியம் கிளம்பிவிட்டது. இந்தியாவிலிருந்து லண்டனுக்குக் கோதுமைக் கப்பல் அந்த வருஷங்களிலும் தவறாமல் போனது.

இதற்கு நடுவில் ஒரு கல்யாண வீடு. 1877 ஜனவரி 1, டெல்லி தர்பார். விக்டோரியா மகாராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினியாக அறிவிக்கிற விழா. ஒரு வாரத்துக்கு 68,000 பேருக்குப் பந்தி என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அங்கேயும் கஜானாதான் செலவழிந்தது, ஆனால் அதை யாரும் ஊதாரித்தனம் என்று சொல்லவில்லை. யானை, கொடி, பீரங்கி எல்லாம் அத்தியாவசியச் செலவில் வரும் போலிருக்கிறது. மாகாணத்தைப் பஞ்சத்தில் விட்டுவிட்டு பக்கிங்ஹாமும் டெல்லிக்குப் போய் உட்கார வேண்டியிருந்தது. விழா முடிந்த கையோடு லிட்டன் எடுத்த முடிவு, சென்னைக்காரர்களின் செலவுக்கையைப் பிடித்து நிறுத்த டெம்பிளை அனுப்புவது.

டெம்பிள் வந்தார், குதிரை வேகத்தில் ஜில்லா ஜில்லாவாகச் சுற்றினார். நிவாரண வேலையில் இருந்தவர்களைப் பார்த்து, பாதிப் பேர் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று முடிவு கட்டி, லட்சக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பினார். மிச்சம் இருந்தவர்களுக்கு அவர் நிர்ணயித்த கூலிக்கு ‘டெம்பிள் கூலி’ என்றே பெயர் நின்றுவிட்டது. நாள் முழுக்கக் கல் உடைத்து மண் சுமக்கிற ஆம்பளைக்கு ஒரு ராத்தல் தானியமும் மேலே கொஞ்சம் சில்லறையும். பொம்பளைக்கு அதைவிடக் குறைவு. ஒரு ராத்தல் என்றால் இன்றைக்கு 450 கிராம். ரேஷன் கடைத் தராசில் வைத்துப் பார்த்தால் தட்டு லேசாகத் தலையாட்டும், அவ்வளவுதான்.

இதைவிட நேர்த்தியான இன்னொரு ஏற்பாடு, தூரச் சோதனை. உள்ளூரிலேயே வேலை கொடுத்தால் சோம்பேறிகள் எல்லாம் வந்துவிடுவார்களாம். அதனால் வேலைக்கு வருகிறவன் வீட்டிலிருந்து பத்து மைலாவது தள்ளியுள்ள முகாமுக்கு வரவேண்டும். வத்திராயிருப்பிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பாதையில் பெரும்பகுதியை நடந்து முடித்த பிறகுதான் ஒருவன் பசித்தவன் என்று சர்க்கார் ஒத்துக்கொள்ளும். நடக்கத் தெம்பிருந்தால் பசி இல்லை, நடக்கத் தெம்பில்லை என்றால் வேலைக்கு லாயக்கில்லை. பொத்தல் பானையும் பச்சை விறகும் இதைவிட எவ்வளவோ நாகரிகம்.

எதிர்த்துக் கேட்டவர் ஒருவர் உண்டு. கார்னிஷ் என்ற டாக்டர், மாகாண சுகாதார கமிஷனர். வேலை செய்கிற உடம்புக்கு ஒன்றரை ராத்தல் தானியமாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று புள்ளிவிவரத்தோடு சண்டைக்கு நின்றார். டெம்பிள் தரப்பில் இது சாப்பாட்டுப் பிரச்சினையே இல்லை, கணக்குப் பிரச்சினை. மாதக்கணக்கில் காகித யுத்தம் நடந்தது. முகாமில் சாவு எண்ணிக்கை ஏறிய பிறகு கார்னிஷ் கேட்டதில் பாதி தூரம் வரைக்கும் சென்னை சர்க்கார் இறங்கி வந்தது. எலும்பை எண்ணிப் பார்க்க ஒரு டாக்டர் இருந்தாரே, அந்தமட்டும்.

‘செலவு பண்ணு’ கட்சி சாதித்தது என்ன என்று கேட்டால் சென்னைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கையைக் காட்டுவார்கள். அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து எட்டு கிலோமீட்டர் கால்வாய் ஒன்றைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். கவர்னர் பெயரையே 1878-ல் கால்வாய் முழுவதற்கும் வைத்தார்கள். விறகும் உப்பும் சுமந்து படகுகள் ரொம்ப வருஷம் அதில் ஓடின. இன்றைக்கு அதன் நடுவில் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. தண்ணீர் என்று அதில் ஓடுவதைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. கடனாளி வீட்டுப் பிள்ளை போட்ட செலவு ஒரு கால்வாயாகவாவது மிஞ்சியது. சிக்கனத்தில் மிஞ்சிய காசு எங்கே போனது என்பதற்கு இதோ வருகிறேன்.

அதற்கு முன்னால் வரிச் சலுகை. பஞ்ச காலத்தில் வரியைக் குறைக்கவில்லை என்று லிட்டன் மேல் யாரும் பழி சொல்ல முடியாது. குறைத்தார். சம்சாரிக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நஞ்சை சாவியானால் மனுப் போட்டு, கணக்குப்பிள்ளையைக் கவனித்து, தாசில்தார் மனசு வைத்தால் கிஸ்தியில் வஜா கிடைக்கும். புஞ்சைக்காரனுக்குச் சாதாரணமாக அதுவும் கிடையாது. லிட்டன் வரி குறைத்தது மான்செஸ்டருக்கு. லங்காஷயர் மில் துணிக்கு இந்தியத் துறைமுகத்தில் ஐந்து சதவீதம் இறக்குமதி வரி இருந்தது. அதை எடு என்று மில் முதலாளிகள் லண்டனில் ஒற்றைக்காலில் நின்றார்கள். 1877 ஜூலையில், சென்னை மாகாணம் சுருண்டு கிடந்த நேரத்தில், பிரிட்டிஷ் பாராளுமன்றம் வரியை எடுக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. 1879-ல் லிட்டன் தன்னுடைய சபையிலேயே பெரும்பான்மையானவர்கள் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், முரட்டு ரகத் துணிக்கு வரியை ரத்து செய்தார். 1882-ல் மிச்சமும் போயிற்று. முரட்டு ரகம் யார் நெய்வது, யார் உடுத்துவது? வத்திராயிருப்புக்குப் பக்கத்துச் சுந்தரபாண்டியத்தில் தறி போட்ட ஆட்களைக் கேட்டால் சொல்லியிருப்பார்கள். கேட்கிற வழக்கம் இல்லை.

இன்னொரு வேடிக்கை. 1877 ஆகஸ்டில் பக்கிங்ஹாம், லிட்டனின் முகச்சுளிப்பைப் பொருட்படுத்தாமல், பிரிட்டிஷ் மக்களிடமே நேராகக் கையேந்தினார். லண்டனில் மேன்ஷன் ஹவுஸ் நிதி என்று திரட்டி லட்சக்கணக்கான பவுன் அனுப்பினார்கள். லங்காஷயர் ஊர்களும் கொடுத்தன. அங்கே மில்லில் வேலை பார்க்கிறவன் நம்மூர் நெசவாளிக்குக் கஞ்சிக்குக் காசு போட்டான். அவன் முதலாளி அந்த நெசவாளியின் தறியை நிறுத்த மனு எழுதினான். இரண்டும் ஒரே ஊர்த் தபாலில் வந்திருக்கும்.

ஒரு பக்கம் குறைத்தால் இன்னொரு பக்கம் ஏற்ற வேண்டுமே. வருமான வரி போடலாமா என்றால், அதை முந்தைய வைசிராய் நார்த்புரூக் 1873-லேயே ஒழித்துவிட்டுப் போயிருந்தார். அப்புறம் என்ன, உப்பு இருக்கிறதே. 1877 கடைசியில் சென்னை மாகாணத்தில் ஒரு மணங்கு உப்புக்கான வரி 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவுக்கு ஏறியது. அதே கையோடு வங்காளத்துக்கு உப்பு வரியைக் குறைத்தார்கள். எல்லா மாகாணத்துக்கும் ஒரே சமமாக்குகிறார்களாம். சமம் செய்யத் தோதான நேரம் பார்த்தார்கள். கஞ்சி கிடைத்தவன் அதில் உப்புப் போடவும் யோசிக்க வேண்டியதாயிற்று.

1878-ல் லைசென்ஸ் வரி என்று ஒன்று வந்தது. கடைக்காரன், சில்லறை யாவாரி எல்லாம் கட்டவேண்டும். சர்க்கார் உத்தியோகஸ்தருக்கும் வக்கீலுக்கும் இல்லை. வரி போட்டவர்கள் யார் என்று அந்த விதிவிலக்கே சொல்லிவிடும். நிதி உறுப்பினர் ஜான் ஸ்ட்ரேச்சி கொடுத்த வாக்குறுதிதான் இதில் உச்சம். இந்தப் புது வரிகளால் வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் பஞ்சத்துக்கென்றே தனியாக ஒதுக்கப்படும், வேறு எதற்கும் தொடமாட்டோம். கேட்டவர்கள் கண்ணீர் மல்கியிருக்க வேண்டும். அதே 1878-ல் லிட்டன் ஆப்கானிஸ்தான் மேல் படை அனுப்பினார். பஞ்ச நிதி கைபர் கணவாய் வழியாக நடந்தே போய்விட்டது. தூரச் சோதனையில் அது மட்டும் சுலபமாகத் தேறியது. போர்ச் செலவை லட்சக்கணக்கான பவுன் குறைத்து மதிப்பிட்டது 1880-ல் வெளியே வந்தது. ஒரு ராத்தலுக்கும் ஒன்றரை ராத்தலுக்கும் மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய சர்க்காருக்கு, பீரங்கிக் கணக்கில் கோடி இடறியது தெரியவில்லை. ஸ்ட்ரேச்சி பதவியை விட்டு இறங்கினார்.

இந்தக் கூத்தில் நடந்த தப்பு என்ன என்று விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். தலைவர் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி. ஆமாம், நிதி உறுப்பினரின் கூடப்பிறந்த அண்ணன். மூளி அலங்காரி வீட்டு விவகாரத்தை மூளியின் அண்ணனே விசாரித்தது மாதிரி. ஆனாலும் அதிலிருந்துதான் 1880-களில் பஞ்ச நிவாரண விதிகள் வந்தன, சோறில்லாதவனுக்கு வேலையும் கூலியும் கொடுப்பது சர்க்கார் கடமை என்று முதன்முதலாகச் சட்டத் தொனியில் எழுதினார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் மட்டும் 50 லட்சம் உயிருக்குமேல் போன பிறகு வந்த ஞானம். சம்சாரிகளில் தப்பித்தவர்கள் பலர் அதற்குள் கண்டிச் சீமைக் காப்பித் தோட்டத்துக்குக் கப்பல் ஏறியிருந்தார்கள்.

நம் காலத்துக்கும் ஒரு எட்டு வந்துவிட்டுப் போகலாம். மான்செஸ்டருக்காக ஒழித்த பாதுகாப்பு வரி, 1930-ல் உலகமே மந்தத்தில் கிடந்தபோது ஜவுளிக்குத் திரும்ப வந்தது. 1936-ல் ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா நூற்பாலை தொடங்கினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் தப்பில்லை. 2019 செப்டம்பரில் யாவாரம் மந்தம் என்று மத்திய சர்க்கார் கம்பெனி வரியை 30-லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தது. ஒன்றரை லட்சம் கோடிக்குக் கொஞ்சம் குறைவாக, 1,45,000 கோடி ரூபாய் வருமானத்தை விட்டுக்கொடுப்பதாக அவர்களே கணக்குச் சொன்னார்கள். அதைப் பொருளாதார ஊக்கம் என்றார்கள். நூறு நாள் வேலையில் கண்மாய்க்கரைப் புளியமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்காரும் கிழவிக்குப் போகிற கூலிக்கு மட்டும் ‘வெட்டிச் செலவு’ என்று பெயர். நூறு நாள் வேலையைத் திட்டுகிறவர்களைக் கேட்டால், டெம்பிள் துரை கனவில் வந்து பேசிவிட்டுப் போன தெளிவு இருக்கும்.

துரைகள் கதை எப்படி முடிந்தது? டெம்பிள் பம்பாய் கவர்னரானார். பக்கிங்ஹாமுக்கு ஆண் வாரிசு இல்லை, 1889-ல் அவரோடு அந்தக் கோமகன் பட்டமே முடிந்தது. லிட்டன் ஏர்ல் பட்டத்தோடு ஊருக்குப் போய், பாரிஸில் தூதராக இருந்து 1891-ல் காலமானார்.

அவருக்கு ஒரு மகள், கான்ஸ்டன்ஸ். தாது வருஷத்தில் ஏழு வயசுப் பிள்ளையாக அப்பாவோடு இந்தியாவில் இருந்தவள். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்கிற போராட்டத்தில் சேர்ந்து 1909-ல் ஜெயிலுக்குப் போய் உண்ணாவிரதம் இருந்தாள். பிரபு வீட்டுப் பெண் என்று தெரிந்ததும் டாக்டர்கள் இதயத்தைச் சோதித்து, பலவீனம் என்று சொல்லி மரியாதையாக வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளுக்கு அது பொறுக்கவில்லை. அடுத்த வருஷம் முடியை வெட்டி, மலிவுக் கோட்டு மாட்டி, ஜேன் வார்ட்டன் என்ற தையல்காரியாகப் பெயர் மாற்றிக்கொண்டு லிவர்பூலில் கைதானாள். இந்தத் தடவை முன்கூட்டி இதயத்தை யாரும் சோதிக்கவில்லை. தொண்டையில் குழாயைச் செருகி எட்டுத் தடவை உணவை ஊற்றினார்கள். அளவு குறைத்ததாகத் தகவல் இல்லை.